சூராவ் ஓதல் வகுப்பு: எதைப் போனுக்கு விடலாம், எதைப் பாயிலேயே வைக்கணும்?

சூராவ் கணக்குப்பிள்ளை (கேள்வி)

அஸ்ஸலாமு அலைக்கும். மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் டவுன் ஓரத்துல ஒரு சூராவ் (சின்னப் பள்ளிவாசல்). மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில ஓதல் வகுப்பு நடக்குது. பிள்ளைங்க 24 பேர், 7 வயசுலேர்ந்து 14 வரைக்கும். ஓதிக் கொடுக்க ஒரே அஜ்ரத்து. பாதி தாமான் (வீட்டுக் குடியிருப்பு) பிள்ளைங்க. மிச்சப் பேரை எஸ்டேட் லைன்லேர்ந்து அத்தாமார் மோட்டார்ல ஏத்திக்கிட்டு வர்றாங்க. மழை பிடிச்சா அந்தப் பாதி வராது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் சுமார் 70 நிமிஷம். தொழுது, பாய் விரிச்சு, வரிசையா உக்கார 10 நிமிஷம் போனா 60. ஆளுக்கு இரண்டரை நிமிஷம்தான் தேறுது.

இப்ப நாலு சிக்கல். ஒண்ணு, "ஆப் இருக்கே, எதுக்கு அனுப்பணும்"னு சில வீட்டுல கேக்குறாங்க. ரெண்டு, வாட்சப்புல சுத்துற தமிழ் எழுத்துப் பிடிஎஃப் பார்த்து, குர்ஆன் முதல் சூரா ஃபாத்திஹாவை மனப்பாடம் பண்ணிட்டு வர்ற சின்னப் பிள்ளைங்க, திருத்தவே முடியலை. மூணு, 12, 13 வயசுப் பையன்கள் யூடியூப் பயானை (மார்க்கப் பேச்சை) காட்டி அஜ்ரத்துகிட்ட வாதம் பண்றாங்க. நாலு, தமிழ்நாட்டு ஆலிம் ஒருத்தரை ஸூம்ல கூப்பிட்டு எல்லாத்தையும் அவர்கிட்டயே விட்டுடலாம்னு கமிட்டியில ஒரு பக்கம் சொல்லுது.

போன் கெட்டது, நல்லதுங்கிற பேச்சு வேண்டாம். நடக்கிற வழி சொல்லுங்க.

---

மக்ரஜ்

வ அலைக்குமுஸ்ஸலாம். முதலில் அந்தப் பிடிஎஃப்பை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

திருத்த முடியாததற்குக் காரணம் பிள்ளையின் நாக்கு இல்லை, தமிழ் எழுத்து. ஒற்றைக் ககரம் இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் நாம் அதை இளக்கித்தான் சொல்வோம். 'பக்கம்' என்பதன் ககரம் வேறு, 'பகல்' என்பதன் ககரம் வேறு. பிடிஎஃப்பில் 'மாலிகி' என்றும் 'இய்யாக' என்றும் இருக்கிறது. பிள்ளை அதைப் 'பகல்' ககரமாக வாசிக்கிறது. சின்ன காஃப் (ك) அங்கேயே காணாமல் போய்விட்டது.

அடுத்த சொல் 'நஃபுது'. அந்த ஆய்தத்தைப் பெரியவர்கள் ஐன் என்ற அரபு எழுத்துக்கு அடையாளமாகப் போட்டார்கள். இன்றைய பிள்ளைக்கு ஆய்தம் என்றால் ஃபேன், ஃபோன். தொண்டையில் வர வேண்டிய ஐன் உதட்டுக்கு வந்து ஃபா ஆகிவிடுகிறது. ஒரே ஆயத்தில் (வசனத்தில்) இரண்டு பிழை. பிள்ளை மேல் குற்றமே இல்லை, எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறது.

பொருள் எப்படிப் புரளும் என்று பெற்றோருக்குக் காட்ட மூன்று சொல் போதும். 'குல்': பெரிய காஃப் (ق) என்றால் 'சொல்வீராக', சின்ன காஃப் என்றால் 'சாப்பிடு'. 'கல்ப்': பெரிய காஃபில் இதயம், சின்ன காஃபில் நாய். 'அலீம்': ஐனில் தொடங்கினால் நன்கறிந்தவன், ஹம்ஸாவில் தொடங்கினால் வேதனை தருவது. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். ளாதுக்கும் ளோவுக்கும் ஒரே ளகரத்தை வைத்துத்தான் ரமளான், ளுஹர் என்று எழுதுகிறோம். பேச்சுக்கு அது போதும், ஓதலுக்குப் போதாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே இன்னொன்று உண்டு: கடைசி எழுத்தில் ஒட்டும் உகரம். 'பாட்டு', 'காடு' என்று உகரத்தில் முடித்துப் பழகிய வாய், 'அஹத்' என்பதை 'அஹது' என்று முடிக்கும். அங்கே கல்கலா வேண்டும். தட்டி விட வேண்டும், உயிர் சேரக்கூடாது. கல்கலா எழுத்து ஐந்து: பெரிய காஃப், தோ, பா, ஜீம், தால். இந்த ஐந்தில் முடியும் சின்ன சூராக்களை, இக்லாஸ், ஃபலக், மஸத், மூன்றையும் வரிசையாக ஓதவிட்டால் உகரம் எங்கே ஒட்டுகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மலாய்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அதனால் பள்ளிக்கூடத்து உஸ்தாஸா இதைத் தனியாகச் சொல்லித் தராமல் போகலாம்.

ஆப் விஷயம். ஓதுவதைக் கேட்டுப் பச்சை, சிவப்புப் போடும் ஆப்கள் பேச்சை எழுத்தாக்கும் முறையில் ஓடுகின்றன. காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த ஆயத்தோடு பொருத்திப் பார்க்கும். சொல் விட்டுப்போனால், ஆயத் தாவினால் பிடிக்கும். 'இய்யாக'வில் ககரம் இளகினால் பெரும்பாலும் பிடிக்காது. நெருங்கின சொல் அதுதான் என்று தானே சரிசெய்துகொண்டு பச்சை போட்டுவிடும். ஆகவே மனப்பாடம் சரிபார்க்க ஆப் உதவும். மக்ரஜுக்கு, அதாவது எழுத்து பிறக்கும் இடத்துக்கு, அதை நம்பவே கூடாது.

வீடியோவில் எதைத் திருத்தலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஸா, தால், ளோ மூன்றுக்கும் நாக்கு நுனி மேல் முன்பல் ஓரத்துக்கு வரும், கேமராவில் தெரியும். (இங்கே தால் என்பது புள்ளி வைத்த தால்.) ஃபா, பா, மீம், வாவ் உதட்டில் வருபவை, அவையும் தெரியும். பெரிய காஃப், ஹா, ஐன், கைன், கா எல்லாம் உள்ளே நடப்பவை. ளாத் நாக்கின் பக்கவாட்டு ஓரம் மேல் கடைவாய்ப்பல்லைத் தொட்டு வருவது. எந்த கேமராவும் காட்டாது. இவற்றுக்குப் பிள்ளை அஜ்ரத்தின் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

என் தீர்ப்பு: புதுப் பாடம், அதாவது சபக், பாயில் மட்டும். பழைய பாடம் திருப்புவது போனில். இதைத் தலைகீழாகச் செய்கிற இடங்களில்தான் பிழை கெட்டிப்படுகிறது.

---

வயரிங்

மேலே சொன்னதோட மின்சாரப் பக்கத்தைச் சேர்த்துக்கறேன்.

ஸூம், மீட் மாதிரி ஆப்கள் சுத்துச் சத்தத்தைத் தானா அடக்கும். ஃபேன் சத்தம், மழைச் சத்தம், மோட்டார் எல்லாத்தையும் வெட்டும். மூச்சுல வர்ற எழுத்தும் அதுக்குச் சத்தம் மாதிரிதான் கேக்கும். ஹா, ஸா, ஃபா, ஸீன் பலவீனமா போறது அதனாலதான். ஸூம் செட்டிங்ல 'ஒரிஜினல் சவுண்ட்'னு ஒண்ணு இருக்கு. அஜ்ரத்து போன்லயும் ஓதுற பிள்ளை போன்லயும் அதைப் போட்டுடுங்க. போட்டா ஃபேன் சத்தமும் சேர்ந்து வரும், அதனால ஃபேனை நிறுத்திட்டு ஓதணும். வேற வழி இல்லை.

சாதாரண போன் கால்ல ஓதலைக் கேக்காதீங்க. பழைய போன் லைன் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல சத்தத்தை அனுப்பாது. ஸீன், ஸாத், ஸா மூணையும் பிரிச்சுக் காட்டுற சத்தத்துல பெரும்பங்கு அதுக்கு மேலதான் இருக்கு. நேர்ல சரியா ஓதுற பிள்ளை கூட கால்ல தப்பா கேக்கும்.

எல்லாரும் சேர்ந்து ஓதறது ஆன்லைன்ல நடக்காது. ஒவ்வொரு வீட்டுக் குரலும் வேற வேற நேரத்துல வந்து சேரும், ஆப் ஒரு குரலை மட்டும் மேல தூக்கும். எல்லாரையும் மியூட் பண்ணி, அஜ்ரத்து ஓத, பிள்ளைங்க அவங்கவங்க வீட்டுல சத்தமா திருப்பிச் சொல்லட்டும். அப்புறம் பேர் சொல்லி ஒவ்வொருத்தரா திறக்கணும். இலவச ஸூம் 40 நிமிஷத்துல அறுந்துடும், அதையும் கணக்குல வச்சுக்குங்க.

எஸ்டேட் லைன்ல லைன் கிடைக்காதது பெரிய விஷயம். செம்பனை நடுவில பள்ளத்துல இருக்கிற வீட்டுக்கு வீடியோ கனவுதான். ஒரு மணி நேர வீடியோ வகுப்பு 500 எம்பிக்கு மேல தின்னும், பிரிபெய்டு சிம் தாங்காது. ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அரை எம்பி கூட வராது. லைன் இல்லாதப்ப பதிவு பண்ணி வச்சா, அத்தா காலையில டவுனுக்கு வர்றப்ப தானா போயிடும். எஸ்டேட் பிள்ளைங்களுக்கு வாய்ஸ் நோட்தான் சரி.

---

பேராக் ராத்தா

வயரிங் தம்பி சொன்ன வாய்ஸ் நோட்டை எப்படி நடத்துறதுன்னு சொல்றேன். சும்மா "அனுப்புங்க"ன்னு விட்டா மூணாம் வாரம் நின்னுடும்.

24 பேரையும் ரெண்டு அணியாப் பிரிங்க. திங்கள், புதன் ஒரு அணி சூராவுக்கு வரட்டும். செவ்வாய், வியாழன் மத்த அணி. வராத நாள்ல வாய்ஸ் நோட். அப்ப ஒரு ராத்திரிக்கு 12 பேர்தான், ஆளுக்கு 5 நிமிஷம். இரண்டரை அஞ்சாச்சு, சம்பளம் ஏத்தாமலே.

ஒரு நோட் ஒரு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது. அரைப் பக்கம் போதும். அஜ்ரத்து 12 நோட் கேக்க கால் மணி நேரம் ஆகும். ரெண்டு நிமிஷம் ஓதவிட்டா அரை மணி நேரம், அப்புறம் கேக்காமலே "மாஷா அல்லாஹ்" போட்டுடுவாங்க. பிள்ளைங்க அதைச் சீக்கிரம் கண்டுபிடிச்சுடும்.

பார்த்து ஓதிட்டு மனப்பாடம்னு அனுப்புற வேலையும் நடக்கும். அதுக்கு ஒரு வழி: நோட்டைக் கேட்டதும், "அந்தப் பக்கத்துல மூணாவது ஆயத்துலேர்ந்து ஓது"ன்னு பதில் போடுங்க. ரெண்டு நிமிஷத்துல பதில் வரணும். உண்மையா மனப்பாடம் ஆனவங்க நடுவில பிடிப்பாங்க. மத்தவங்க முதல்லேர்ந்துதான் வருவாங்க.

பாதுகாப்பு. குரூப்ல அட்மின் மட்டும் போடுற மாதிரி வைங்க. பிள்ளைங்க ஓதுறது குரூப்ல வரக்கூடாது. அம்மா அல்லது அத்தா நம்பர்லேர்ந்து அஜ்ரத்துக்குத் தனியா வரட்டும். பிள்ளை நம்பரும் அஜ்ரத்து நம்பரும் நேரடியாப் பேசிக்கவே வேண்டாம். பெரியமனுஷியான பிள்ளைங்களுக்குப் பெண் ஆசிரியை கேட்டா நல்லது.

மக்ரஜ் அண்ணன் சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். புதுப் பாடம் எல்லாருக்கும் பாயிலன்னு சொல்லிட்டீங்க. குர்ஆனை ஒரு தடவை கத்முல் பண்ணின (முழுசா ஓதி முடிச்ச) 12, 13 வயசுப் பிள்ளைக்கு மக்ரஜ் நின்னுடுச்சு. அவங்களுக்குப் புதுப் பக்கத்தையும் போன்ல கொடுக்கலாம், வாரத்துல ஒரு நாள் நேர்ல பார்த்தா போதும். அந்த நேரத்தைச் சின்னதுகளுக்குத் திருப்பி விடுங்க. 7 வயசுக்குத்தான் பாய் வேணும்.

---

மக்ரஜ்

ராத்தா சொல்வது சரி. கத்முல் ஆனவர்களுக்கு விலக்கு. ஆனால் முதலில் ஃபாத்திஹாவை ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள். பிஸ்மியோடு சேர்த்து ஃபாத்திஹாவில் 14 ஷத்து (எழுத்தை அழுத்திச் சொல்லும் குறி). ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) பிஸ்மியும் அதில் ஓர் ஆயத். 'இய்யாக'வில் யாவின் ஷத்து விழுந்தால் பொருளே மாறும். 14-ஐயும் சரியாகப் போடுகிற பிள்ளையை மட்டும் போனுக்கு விடுங்கள்.

---

ரப்பர்ப்பால்

கேள்வியில் உள்ள மூன்றாவது, நான்காவது சிக்கலை யாரும் தொடவில்லை.

பையன்கள் வாதம் செய்வதில் பாதி மார்க்கச் சண்டையே அல்ல, மத்ஹபு வித்தியாசம். தமிழ்நாட்டிலிருந்து வரும் பயான்களில் பேசுபவர் ஹனஃபியாக இருப்பார், அல்லது மத்ஹபே வேண்டாம் என்பவராக இருப்பார். இங்கே பள்ளிக்கூடத்திலும் காஃபா (அரசு மார்க்க) வகுப்பிலும் நடப்பது ஷாஃபி. சுபுஹுத் தொழுகையில் குனூத் துஆ, பிஸ்மியைச் சத்தமாக ஓதுவது, மனைவியைத் தொட்டால் ஒளு முறிவது, அஸர் தொடங்கும் நேரம்: இந்த நான்கையும் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு ஒரு வகுப்பில் முடித்துவிடலாம். "அவர் சொல்வது அவர் மத்ஹபில் சரி, நீ இங்கே மார்க்கப் பரீட்சையில் இதை எழுது, தொழுகை அமலியில் இதைச் செய்து காட்டு" என்றால் பையன் அடங்கிவிடுவான். அஜ்ரத்து கோபப்பட்டால்தான் யூடியூப் ஜெயிக்கும். பிறை விஷயமும் அப்படியே. தமிழ்நாட்டுப் பிறைச் சண்டை நமக்கு எதற்கு? இங்கே ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் வந்து அறிவிப்பதோடு முடிந்தது.

தொழுகை நேர ஆப்பிலும் இதே குழப்பம். சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ, பத்து காஜா, கம்பார் எல்லாம் ஜாக்கிம் (மத்திய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) வெளியிடும் இ-சோலாட் தொழுகை நேரப் பட்டியலில் பிஆர்கே 02 மண்டலம். ஆப்பில் அஸர் 'ஹனஃபி' என்று இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிக் காட்டும். சுபுஹு நேரம் 8 நிமிடம் போல முந்திக் காட்டினால் அந்த ஆப்பில் பழைய 20 பாகைக் கணக்கு (சூரியன் அடிவானத்துக்கு எவ்வளவு கீழே என்பது) இருக்கிறது. மலேசியாவில் 2019 நவம்பரில் அதை 18 பாகைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஹதீஸ் ஃபார்வர்டுக்குப் பெரிய பையன்களையே காவல் வைக்கலாம். முதலில் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான எண் வரிசையில் புகாரி 7563-இல் முடிகிறது. 'புகாரி 9125' என்று வந்தால் திறந்து பார்க்கவே வேண்டாம். முஸ்லிமில் இரண்டு எண் வரிசை புழங்குகிறது. ஒன்று 3033-இல் முடியும், மற்றொன்று 7000-ஐத் தாண்டும். ஆகவே 'முஸ்லிம் 5000' என்று வந்தால் உடனே பொய் என்று சொல்லிவிடக் கூடாது, எந்தப் பதிப்பு என்று கேட்க வேண்டும். எண்ணே இல்லாமல் 'நபிமொழி' என்று மட்டும் வந்தால், அனுப்பியவரிடம் கேட்டு எண் வாங்கும்வரை அடுத்தவருக்குப் போகக்கூடாது. "சீனா சென்றேனும் கல்வி தேடு" என்று நம் பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் முழங்குவார்களே, இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் வைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் "தூய்மை ஈமானில் பாதி" என்பதை வையுங்கள், முஸ்லிம் 223. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிப் பழமொழி போல இருக்கும். எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பையன்களே தேடட்டும்.

நான்காவது, ஸூம் ஆலிம் விஷயம்தான் கமிட்டி தலையில் விழும். மலேசியாவில் மார்க்கம் கற்பிக்க மாநிலத்தின் தவ்லியா (கற்பிக்கும் அனுமதி) வேண்டும். உதாரணத்துக்கு, சிலாங்கூரின் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 119-ஆவது பிரிவு இதற்கு. மீறினால் 3,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தன் வீட்டில் தன் குடும்பத்தாருக்கு மட்டும் சொல்லிக் கொடுப்பதற்கு அதில் விலக்கு உண்டு. பேராக்கிற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஆலிம் வேலூரில் உட்கார்ந்திருந்தாலும் திரை உங்கள் சூராவில் இருக்கிறது, பிள்ளைகள் உங்கள் பிள்ளைகள். கோலகங்சார் மாவட்ட மார்க்க அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, பதில் வந்த பிறகு திரையைத் திறங்கள். கடிதத்தில் ஆலிமின் ஸனது (படிப்புச் சான்று) நகல், எந்தக் கிதாபு, எந்த நாள், எத்தனை பிள்ளைகள், இதெல்லாம் இருக்கட்டும். வாய்மொழியாக "சரி" என்றால் அது சரி ஆகாது.

---

சூராவ் கணக்குப்பிள்ளை

ஜஸாக்கல்லாஹ் ஹைரன் எல்லாருக்கும். இன்னும் ஒரு கேள்வி. ரெண்டு பையன் ஹிஃப்ளு (முழுக் குர்ஆன் மனப்பாடம்) ஆரம்பிச்சிருக்கான். வீட்டுல போன்ல பார்த்து மனப்பாடம் பண்றான், இங்க வந்தா தடுமாறுறான். ஒருத்தன் வீட்டுல பாட்டி ஊர்லேர்ந்து கொண்டு வந்த குர்ஆன் இருக்கு, அதுலயும் பார்க்கிறான். ஏன் தடுமாறுது?

---

மக்ரஜ்

இரண்டு காரணம்.

ஹிஃப்ளில் சொல் மட்டும் மனத்தில் பதிவதில்லை, இடமும் பதிகிறது. 'வலது பக்கம், மேலிருந்து நாலாவது வரி' என்று கண் தேடும். மதீனா முஸ்ஹஃபில் (குர்ஆன் பிரதியில்) பக்கத்துக்கு 15 வரி, ஒரு ஜுஸுவுக்கு (முப்பதில் ஒரு பாகத்துக்கு) சுமார் 20 பக்கம், மொத்தம் 604 பக்கம். ஒவ்வொரு பக்கமும் முழு ஆயத்தில் முடியும். போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகும் காட்சியில் ஆயத்துக்கு இடமே இல்லை. காலையில் மேலே இருந்தது மாலையில் நடுவில் இருக்கும். ஆப்பில் 'பக்கக் காட்சி' இருந்தால் அதைப் போட்டு, தர்ஜமாவை (மொழிபெயர்ப்பை) அணைத்து, போனைத் தள்ளாமல் புரட்டச் சொல்லுங்கள். அதைவிட, 604 பக்க முஸ்ஹஃப் ஒன்றை வாங்கி, கத்முல் வரை அதே பிரதியை வைத்திருப்பது மேல். வாங்கும்போது உள்துறை அமைச்சின் அனுமதி முத்திரை இருக்கிறதா பாருங்கள். குர்ஆன் அச்சிடுவதற்கு 1986-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது, பாட்டியின் குர்ஆன். நம் ஊர்ப் பக்கம் அச்சாவது பெரும்பாலும் இந்தியப் பாணி எழுத்து. அதில் நீட்டல் வாவ், நீட்டல் யாவின் மேல் சுக்கூன் (எழுத்துக்கு உயிர் இல்லை என்னும் குறி) இருக்கும். மதீனாப் பாணியில் இருக்காது. மதீனாவில் சுக்கூன் என்பது புள்ளியில்லாத சின்ன 'கா' தலை. அதே பக்கத்தில் சின்ன வட்டம் ஒன்றும் வரும். அது 'இந்த எழுத்தை வாசிக்காதே' என்பதற்கு. 'காலூ' என்பதில் வாவுக்குப் பின்னால் வரும் அலிஃபின் மேல் பாருங்கள், அந்த வட்டம் இருக்கும். வட்டத்தைச் சுக்கூனாகப் பார்த்துப் பழகிய பையன் அங்கே ஒரு கணம் நிற்பான். நிற்கும் அந்தக் கணத்தில்தான் அடுத்த சொல் நழுவுகிறது. பாட்டி குர்ஆனில் பாட்டி ஓதட்டும். பையனுக்கு ஒரே முஸ்ஹஃப்.

---

சூராவ் கணக்குப்பிள்ளை

விளங்குச்சு. பெற்றோருக்கு 'குல்', 'கல்ப்' ரெண்டையும் எழுதிக் காட்டப் போறேன். ரெண்டு அணி முறையும் இந்த ஞாயிறு கமிட்டியில வைக்கிறேன். அஜ்ரத்துக்கு மைக் வாங்கச் சொல்றாங்க, எது வாங்கலாம்?

---

வயரிங்

சட்டையில கிளிப் போடுற வயர் மைக் போதும், விலை அதிகமில்ல. புளூடூத் வேண்டாம், சத்தத்தை இன்னும் சுருக்கி அனுப்பும். வாங்கறதுக்கு முன்னாடி அஜ்ரத்து போனோட வாயைப் பாருங்க, ரவுண்டு ஓட்டையா டைப் சியான்னு. போன தடவை ஒரு பள்ளியில ரவுண்டு வாங்கிட்டு வந்து பெட்டியிலயே கிடக்குது. கிளிப்பை தாடிக்கு ஒரு சாண் கீழே மாட்டணும். வாய்க்கு நேரா வச்சா பா எழுத்து வெடிக்கும்.